ஸ்லைடு பாக்காம குணம்னு எழுதாதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த மூலிகைப் பக்கத்தைப் படிச்சதுலேந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். நிலவேம்பு, வேப்பம்பட்டை, ஏழிலைப்பாலை இதெல்லாம் மலேரியாவை மூணே நாள்ல விரட்டிடும்னு போட்டிருந்தீங்க. செவ்வாய்க்கிழமை பாத்தா வாசகர் கடிதத்துல ஒரு டாக்டர், இதெல்லாம் மூடநம்பிக்கை, பச்சிலைக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே கிடையாதுன்னு ஒரே வரியில அடிச்சிட்டாரு. எனக்கு ரெண்டு பேர் மேலயும் வருத்தம். விரட்டிடும்னு எழுதினவர் எப்படி தெரிஞ்சுகிட்டாருன்னு சொல்லல, சம்பந்தமே இல்லன்னு சொன்னவரும் எப்படி தெரிஞ்சுகிட்டாருன்னு சொல்லல. தெரிஞ்சுக்கறதுக்கு வழி இருக்கு, அந்த வழிய பத்தி ரெண்டு பேருமே பேசல.

நான் டாக்டர் இல்ல, சித்த வைத்தியரும் இல்ல. வடசென்னையில 27 வருஷம் லேப் டெக்னீஷியனா இருந்தேன், அதுல பெரும்பாலும் மலேரியா ஸ்லைடு பாக்கற வேலைதான், அதாவது ரத்தத்தை கண்ணாடித் துண்டுல தடவி கிருமி இருக்கான்னு தேடறது. கிணறும் ஓவர்ஹெட் டேங்க்கும் மூடாம கெடந்த காலம் அது, நம்ம ஊர் மலேரியா கொசு சாக்கடையில வளராது, இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதனால மழை ஓஞ்ச மாசங்கள்ல எங்க மேஜையில ஸ்லைடு குவிஞ்சு கெடக்கும். விரல் நுனியில குத்தி ஒரு சொட்டு தடிப்பா ஒரு சொட்டு மெலிசா இழுத்து, காய வெச்சு, ஸ்டெயின்ல முக்கி எடுத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்புல கண்ண வெச்சா, மலேரியாக் கிருமியில வைவாக்ஸ், ஃபால்சிபாரம்னு ரெண்டு முக்கிய வகை, வைவாக்ஸா இருந்தா ரத்த அணு கொஞ்சம் ஊதிப்போய் உள்ள நீல மோதிரம், மோதிரத்துல பதிச்ச கல்லு மாதிரி ஒரு செவப்பு புள்ளி. ஃபால்சிபாரம்னா சில ஸ்லைடுல பிறை நிலா மாதிரி வளைஞ்சு கெடக்கும். நூறு ஃபீல்டு (மைக்ரோஸ்கோப்புல ஒரு தடவைக்குத் தெரியற வட்டம்) பாக்காம நெகட்டிவ்னு எழுதக்கூடாதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தவங்க இப்ப உயிரோட இல்ல, ஆனா அந்த பழக்கம் இன்னும் என் கண்ணுல இருக்கு.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எங்க தெருவுல நடந்தத சொல்றேன். இஸ்திரி போடற அண்ணனோட பையன், 19 வயசு, ஒரு திங்கக்கிழமை மத்தியானம் நடுங்க ஆரம்பிச்சிட்டான். ரெண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடுது. சாயங்காலம் அவங்க அம்மா நாட்டு மருந்துக் கடையில நிலவேம்பு குடிநீர் பொடி வாங்கி காய்ச்சிக் குடுத்தாங்க, ராத்திரி வேர்த்துக் கொட்டி காய்ச்சல் எறங்கிடுச்சு. செவ்வாய்க்கிழமை பையன் எழுந்து டீக்கடைக்கே போயிட்டான். "பாத்தியா அக்கா, ஒரே டம்ளர்ல சரியாயிடுச்சு"ன்னு எங்கிட்ட சந்தோஷமா சொன்னாங்க. புதன்கிழமை அதே நேரம் திரும்ப நடுக்கம், திரும்ப குடிநீர், திரும்ப வேர்வை. வியாழக்கிழமை நல்லா இருந்தான். வெள்ளிக்கிழமை திரும்ப வந்தப்பதான் நான் போய் பாத்தேன், கண்ணு மஞ்சளா வெளுத்துப் போய் படுத்திருந்தான்.

அந்த அம்மா பொய் சொல்லல. அவங்க கண்ணால பாத்தது அப்படித்தான். ஆனா வைவாக்ஸ் மலேரியாவோட சுபாவமே இதுதான், கிருமி ரத்த அணுக்குள்ள பூந்து வளந்து 48 மணி நேரத்துக்கு ஒரு தடவ எல்லாம் ஒண்ணா வெடிச்சு வெளிய வரும், வெடிக்கறப்ப குளிர் நடுக்கம், அப்புறம் காய்ச்சல், அப்புறம் வேர்வை, சில மணி நேரத்துல அடங்கிடும், மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். நம்ம முன்னோர் இதுக்கு முறைக்காய்ச்சல்னு பேரே வெச்சிருக்காங்க, அவ்வளவு கவனமா பாத்திருக்காங்க. இந்தக் காய்ச்சலுக்கு நடுக்கம் வந்த அன்னைக்கு சாயங்காலம் வெறும் சுடுதண்ணி குடுத்தாலும் மறுநாள் காலையில சுடுதண்ணிதான் குணப்படுத்துச்சுன்னு தோணும். மலேரியாவுக்கு எந்த மருந்தையும் "குடிச்சேன், நல்லாச்சு"ங்கற சாட்சிய மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுங்கறது இதனாலதான்.

பையனை ஹெல்த் போஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போனோம், ஸ்லைடு பாசிட்டிவ், வைவாக்ஸ். குளோரோகுயின் மூணு நாள், பிரைமாகுயின் 14 நாள் குடுத்தாங்க. குளோரோகுயின் முடிஞ்சதும் காய்ச்சல் நின்னுடுச்சு, பையன் வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டான், பிரைமாகுயின அஞ்சாறு நாளோட விட்டுட்டான். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப நடுக்கம். இப்ப அவங்க அம்மா எங்கிட்ட கேட்டாங்க, "உன் மாத்திரையும்தான் கேக்கலையே அக்கா, அப்ப என் கஷாயத்தை மட்டும் ஏன் குத்தம் சொன்னே?" நியாயமான கேள்வி. வைவாக்ஸ் கிருமி கொஞ்சம் ஈரல்ல போய் தூங்கும், மாசக்கணக்குல கழிச்சு எழுந்து திரும்ப ரத்தத்துக்கு வரும், அத கொல்றதுக்குத்தான் அந்த 14 நாள் மாத்திரை. ஆக மாத்திரையா இருந்தாலும் கஷாயமா இருந்தாலும் குணம்னு சொல்லணும்னா காய்ச்சல் எறங்கறதப் பாத்தா போதாது, ரத்தத்துல கிருமி இருக்கா, எத்தன இருக்கு, போச்சா, போனது திரும்ப வந்துச்சான்னு பாக்கணும். அந்தக் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அந்தக் கணக்கு எப்படின்னும் சொல்லிடறேன், ஏன்னா சோதனைன்னாலே எலி, கண்ணாடிக் குழாய், வெள்ளக்கோட்டுன்னு மக்கள் பயப்படறாங்க. தடிப்பான ரத்தப்படலத்துல 200 வெள்ளை அணு எண்ணி முடிக்கறதுக்குள்ள எத்தன கிருமி கண்ணுல பட்டுச்சுன்னு எண்ணணும், அத 40-ஆல பெருக்கினா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல எவ்வளவு கிருமின்னு ஏறக்குறைய வந்துடும். 50 எண்ணியிருந்தா 2,000. மருந்து குடுத்த முதல் மூணு நாளும் எண்ணணும், அப்புறம் ஏழாவது நாள், 14, 21, 28. இதே மாதிரி இன்னொரு கூட்டத்துக்கு தெரிஞ்ச மருந்து குடுத்து அவங்களுக்கும் எண்ணணும், யாருக்கு எதுங்கறது சீட்டுக் குலுக்கற மாதிரி விழணும், வைத்தியர் தனக்குப் புடிச்ச ஆளுக்கு புடிச்ச மருந்து குடுத்தா கணக்கு கெட்டுப் போயிடும். ஸ்லைடு பாக்கற ஆளுக்கு இது எந்தக் கூட்டத்து ரத்தம்னே தெரியக்கூடாது. இவ்வளவுதான். ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்பும் பொறுமையும் இருந்தா கிராமத்துலயே பண்ணலாம், பண்ணியும் இருக்காங்க, அத பின்னாடி சொல்றேன்.

நீங்க ஏழிலைப்பாலை பத்தி எழுதினீங்களே, அதுல ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. மத்திய அரசோட ஆயுர்வேத ஆராய்ச்சி கவுன்சில் ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, சிராத்தா, கழற்சி இந்த நாலையும் சேத்து ஆயுஷ்-64னு ஒரு மாத்திரைய மலேரியாவுக்குன்னே உருவாக்கினாங்க. கொரோனா சமயத்துல 2021-ல பேப்பர்ல அடிபட்டதே, அதே ஆயுஷ்-64தான். அத டெல்லியில மலேரியா ஆராய்ச்சி மையத்துக்காரங்க வைவாக்ஸ் நோயாளிகள் கிட்ட குளோரோகுயினோட நேருக்கு நேர் வெச்சு சோதிச்சு 2000-ல வெளியிட்டாங்க. 28-வது நாள்ல குளோரோகுயின் கூட்டத்துல 100 சதவீதம் குணம், ஆயுஷ்-64 கூட்டத்துல 48.9 சதவீதம். பாதிக்கும் கம்மி. இத படிச்சப்ப எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, ஆனா அந்த சோதனைய பண்ணினவங்க மேல பெரிய மரியாதை வந்துச்சு, ஏன்னா தோத்தத மறைக்காம நம்பரோட போட்டாங்க. அந்த நம்பர் தெரிஞ்சிருந்தா ஏழிலைப்பாலை மூணு நாள்ல விரட்டிடும்னு உங்க எழுத்தாளர் எழுதியிருக்க மாட்டாரு. இன்னொண்ணும் அதுலயே இருக்கு, பாதிப் பேருக்கு கேட்டிருக்கே, அது தானா நல்லானதா, இல்ல அந்த நாலு சரக்குல எதாவது ஒண்ணு உண்மையிலயே கொஞ்சம் வேலை செஞ்சுதா, அளவு பத்தலையா, காய்ச்சற முறை மாறணுமா? அந்தக் கேள்வியத் தொடர்ந்து தோண்டியிருக்கணும்.

இப்ப அந்த டாக்டர் ஐயாவுக்கு. பச்சிலைக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்க. ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு இன்னைக்கு உலகம் பூரா முதல்ல குடுக்கற மருந்துல ஆர்டிமிசினின் வகை இருக்கு, அது ஒரு செடியிலேந்து வந்தது, நம்ம மரிக்கொழுந்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் (மரிக்கொழுந்துலயே அந்த மருந்து இருக்குன்னு யாரும் நெனச்சு அரைச்சுக் குடிச்சிடாதீங்க, அது வேற செடி). 1967 மே 23-ல சீனாவுல ரகசியமா ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அந்த தேதிய வெச்சே திட்டம் 523னு பேரு, வியட்நாம் சண்டையில துப்பாக்கிய விட மலேரியாவுல படுத்தவங்க அதிகம்ங்கற நெலமை. 1969-ல தூ யூயூங்கற அம்மா உள்ள வந்தாங்க, டாக்டரேட்டும் இல்ல, வெளிநாட்டுப் படிப்பும் இல்ல. பழைய சுவடி, வைத்தியர் குறிப்புன்னு 2,000 முறைகளைத் தொகுத்து, செடிகள்லேந்து 380 சாறு எடுத்து எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. அந்த மரிக்கொழுந்து சொந்தக்காரச் செடி மட்டும் ஒரு தடவ 68 சதவீதம் கிருமிய அடக்குச்சு, சந்தோஷப்பட்டு திரும்ப பண்ணினா 12 வருது, 40 வருது, நிக்க மாட்டேங்குது. விட்டுட்டுப் போயிருக்கலாம். திரும்ப புத்தகத்துக்கே போனாங்க. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கோ ஹோங் எழுதினதுல, ஒரு கைப்பிடி செடிய தண்ணியில ஊற வெச்சு முறுக்கிப் பிழிஞ்ச சாற குடின்னு இருக்கு. காய்ச்சு, கொதிக்க வைன்னு அதுல இல்ல!

இத நம்ம ஆளுங்களுக்கு வெளக்கவே வேண்டாம். குடிநீர்னா கொதிக்க வைக்கறது, சாறுன்னா இடிச்சுப் பிழியறது, சூரணம்னா பொடிக்கறது, கற்கம்னா அரைக்கறது, ஒண்ணு செய்யறத இன்னொண்ணு செய்யாதுன்னு எங்க பாட்டிக்கே தெரியும். தூ யூயூவுக்கும் அங்கதான் பொறி தட்டுச்சு, சூடு மருந்தைக் கெடுக்குதோன்னு. 35 டிகிரியிலயே ஆவியாகற ஈத்தர்ங்கற திரவத்த வெச்சு சத்தைப் பிரிச்சாங்க. 191-வது சாம்பிள், 1971 அக்டோபர் 4, எலி உடம்புல 100 சதவீதம். அப்புறம் மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி 1972 ஜூலையில அவங்களும் கூட வேலை செஞ்ச ரெண்டு பேரும் தாங்களே குடிச்சுப் பாத்தாங்க, விஷம் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் ஹைனான் தீவுல 21 நோயாளிகளுக்குக் குடுத்தாங்க. 2015-ல நோபல் பரிசு. சுவடி சொன்னத அவங்க அப்படியே நம்பல, ஒதுக்கித் தள்ளவும் இல்ல, அதுல இருந்த ஒரு வார்த்தைய எடுத்து சோதிச்சாங்க.

அதுக்கு முன்னாடி குயினைன் இருக்கு, அதுவும் தென்னமெரிக்க மரப்பட்டைதான், 1820-ல பாரிஸ்ல பிரிச்செடுத்தது. அந்த சின்கோனா மரத்தை நீலகிரியில கொண்டாந்து நட்டது 1860-கள்ல, நடுவட்டத்துல ஃபேக்டரியே இருந்துச்சு, வால்பாறை பக்கம் சின்கோனாங்கற ஊர் பேரு இன்னும் இருக்கு. அந்தப் பட்டையில குயினைன் தவிர இன்னும் மூணு சத்து இருக்கே, அதுவும் வேலை செய்யுமான்னு 1866-லேந்து 1868 வரைக்கும் கமிஷன் போட்டு ரெண்டாயிரத்துக்கு மேல காய்ச்சல்காரங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, அதுல மெட்ராஸ் மாகாணமும் ஒண்ணு. நாலுமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யுதுன்னு வந்துச்சு. பட்டைய ஆளுக்கு ஆள் சோதிக்கற பழக்கம் நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லன்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

நான் நெசமாவே எழுத நெனச்சது மாலி நாட்டு கதை. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கு, ஏழை நாடு, மலேரியா அங்க கொழந்தைகளைக் கொத்துக் கொத்தா எடுத்துட்டுப் போற நோய். அங்க தலைநகர் பமாகோவுல அரசாங்கமே நாட்டு வைத்தியத்துக்குன்னு ஒரு ஆராய்ச்சித் துறை நடத்துது. அவங்களும் சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் சில பேரும் சேந்து வழக்கமான வரிசையத் திருப்பிப் போட்டாங்க. வழக்கமா என்ன பண்ணுவாங்க, செடிய லேபுக்கு எடுத்துட்டுப் போய், கிருமி வளத்த கண்ணாடித் தட்டுல ஊத்தி, செத்தா எலிக்கு, எலி பொழச்சா வருஷக்கணக்குல பிரிச்செடுக்கறது, கடைசியில மனுஷன். அதுல தட்டுல கிருமியக் கொல்ற பல செடி மனுஷ உடம்புக்குள்ள போனா ஒண்ணும் பண்றதில்ல. இவங்க மனுஷங்க கிட்டேந்து ஆரம்பிச்சாங்க.

ஊர் ஊரா வீடு வீடா போய், உங்க வீட்டுல கடைசியா யாருக்கு இந்தக் காய்ச்சல் வந்துச்சு, என்ன குடுத்தீங்க, எப்படி காய்ச்சினீங்க, எத்தன நாள், அப்புறம் என்னாச்சுன்னு கேட்டாங்க. எது நல்ல மருந்துன்னு கேக்கல, என்னாச்சுன்னு கேட்டாங்க, இந்த வித்தியாசம் ரொம்ப பெருசு, ஏன்னா எது நல்லதுன்னு கேட்டா எல்லாரும் பாட்டி சொன்னத சொல்லுவாங்க, என்னாச்சுன்னு கேட்டாதான் செத்துப்போன கொழந்தையும் கணக்குல வரும். 66 செடி பேர் வந்துச்சு. அதுல ஒரு செடி தனியா நின்னுச்சு, அத குடிச்ச 30 பேருமே நல்லானதா பதிவாச்சு.

அந்தச் செடி எதுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க, நம்ம பிரம்மதண்டு! குடியோட்டிப்பூண்டுன்னும் சொல்லுவாங்களே அதேதான், ரயில் தண்டவாளத்து ஓரம், சுடுகாட்டுப் பக்கம், மண்ணு கொட்டின காலி மனை, எங்க பாத்தாலும் மஞ்சப் பூவும் முள்ளுமா நிக்கும், ஒடிச்சா மஞ்சப் பால் வரும், ஆடு கூட வாய வைக்காது. மெக்சிகோவுலேந்து வந்து உலகம் பூரா பரவின களை. மாலியில அத காய்ச்சல் கஷாயமா குடிக்கறாங்க.

பேர் கெடச்சதும் மாத்திரை கம்பெனிக்கு ஓடல. மிசிடுகுங்கற கிராமத்துல அந்தக் கஷாயத்தைக் குடுத்துட்டிருந்த வைத்தியர் கூடவே இருந்து, லேப் வசதிய ஊருக்கே கொண்டாந்து 80 நோயாளிகள் கிட்ட அளவு பாத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவ மூணு நாள் குடிச்சவங்கள்ல 35 சதவீதம் பேருக்குத்தான் கேட்டுச்சு, ரெண்டு தடவ ஏழு நாள் குடிச்சவங்கள்ல 73, முதல் நாலு நாள் நாலு தடவ அப்புறம் மூணு நாள் ரெண்டு தடவன்னு குடிச்சவங்கள்ல 65. ஒரே செடி, ஒரே ஊரு, அளவு மாறினதும் பலன் எவ்வளவு மாறுது பாருங்க, "ஒரு டம்ளர் குடிங்க"ன்னு அளவில்லாம எழுதறது எவ்வளவு ஆபத்துன்னு இதுலேந்து தெரியுதா?

அப்புறம்தான் நேருக்கு நேர் சோதனை. 301 நோயாளிகள், ஒரு கூட்டத்துக்கு பிரம்மதண்டு கஷாயம், இன்னொரு கூட்டத்துக்கு ஆர்டிசுனேட்-அமோடியாகுயின் மாத்திரை (ஆர்டிமிசினின் வகை சேந்தது), 28 நாள் கண்காணிப்பு. கஷாயம் குடிச்சவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு வேற மருந்தே தேவப்படல, மாத்திரை கூட்டத்துல 95. அஞ்சு வயசும் அதுக்குக் கீழயும் இருக்கற கொழந்தைகள்ல நோய் முத்திப் போனது ரெண்டு பக்கமும் ஒரே அளவு, 1.9 சதவீதம். 2010-ல வெளியாச்சு. நான் இத படிச்சப்ப ஸ்லைடு மேஜையில உக்காந்திருந்த மாதிரியே உடம்பு சிலிர்த்துச்சு, ஒரு களைச் செடி, ஒரு கிராமம், இவ்வளவு தூரம் நேர்மையா வந்திருக்கு.

ஆனா இத வெச்சு நாளைக்கே பிரம்மதண்டு மலேரியாவை குணப்படுத்தும்னு போட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். அந்த ஊர்க்காரங்க சின்ன வயசுலேந்து வருஷா வருஷம் மலேரியா வந்து வந்து உடம்புல பாதி எதிர்ப்பு சக்தி வந்தவங்க, கிருமிய பூரா கொல்லாம கொஞ்சம் அடக்கிக் குடுத்தாலே மிச்சத்த உடம்பு பாத்துக்கும். சென்னையில பொறந்து வளந்த பையனுக்கு அந்த சக்தி கெடையாது, அவனுக்கு ஃபால்சிபாரம் வந்தா ரெண்டு மூணு நாள் தாமதத்துல மூளைக்கே போயிடலாம். அதுவும் போக பிரம்மதண்டு விதை விஷம். கடுகு மாதிரியே இருக்கும், கடுகெண்ணெயில கலந்துபோய் 1998-ல டெல்லியில 60 பேருக்கு மேல செத்தாங்க, கை கால் வீங்கி இதயம் பாதிச்சு. சீனாவுல சாங்ஷான்னு இன்னொரு செடி இருக்கு, மலேரியாவை நல்லாவே அடிக்கும், ஆனா தாங்க முடியாத வாந்தி, ஈரலுக்கும் கெடுதி, அதனால அப்படியே மருந்தா குடுக்க முடியல. வேலை செய்யுதாங்கறது ஒரு கேள்வி, ஆள உயிரோட விடுதாங்கறது இன்னொரு கேள்வி, பச்சிலைன்னா பக்கவிளைவு இல்லங்கறது ரெண்டாவது கேள்விய கேக்காதவங்க சொல்ற பேச்சு.

ஏன் இதுக்கெல்லாம் அவசரம்னு கேக்கலாம். 2023-ல மட்டும் உலகத்துல 26 கோடிக்கும் மேல மலேரியா கேஸ், ஏறக்குறைய 6 லட்சம் சாவு, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கொழந்தைங்க. ஆர்டிமிசினினுக்கும் கிருமி பழக ஆரம்பிச்சிடுச்சு, முதல்ல கம்போடியா பக்கம், இப்ப ருவாண்டா, உகாண்டாவுலயும் பாத்திருக்காங்க. அந்தச் செடியோட காஞ்ச இலைய டீ மாதிரி போட்டுக் குடிக்கறத உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்காததுக்கு ஒரு காரணம் இதுதான், ஒரு கப்புல எவ்வளவு சத்து எறங்குதுன்னு தெரியாது, அரைகுறை அளவு கிருமிய கொல்லாம பழக்கி விட்டுடும். குயினைன் ஒரு மரத்துலேந்து, ஆர்டிமிசினின் ஒரு செடியிலேந்துன்னு ரெண்டு பெரிய மருந்தும் பச்சையிலேந்துதான் வந்திருக்கு, மூணாவது வராதுன்னு யாரு சொன்னது?

நம்ம கிட்ட என்ன கொறச்சல்? தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்துல சித்த ஆராய்ச்சி கவுன்சில், டெல்லியில மலேரியாவுக்குன்னே தேசிய நிறுவனம், லக்னோவுல மலேரியாவுக்கான ஆர்ட்டீத்தர் ஊசிய உருவாக்கின மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம், எல்லாம் இருக்கு. தமிழ்நாட்டுல இப்ப கேஸ் கொறஞ்சிடுச்சு, நல்லதுதான், அதனால சோதனை ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாதிரி எடத்துலதான் நடக்கணும், அங்க மலைவாழ் மக்கள் கிட்டயே வைத்தியமும் இருக்கு. மாலிக்காரங்க பண்ணின மாதிரி முதல்ல வீடு வீடா "என்னாச்சு"ன்னு கேளுங்க. சோதனைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அரசாங்கப் பதிவேட்டுல போடணும்னு 2009-லேந்து கட்டாயம் இருக்கு, அப்படி போட்டா தோத்த சோதனைய அமுக்க முடியாது. காய்ச்சல்காரங்களுக்கு வெறும் தண்ணியக் குடுத்து வேடிக்கை பாக்கக்கூடாது, பக்கத்துலயே நிஜ மருந்தும் டாக்டரும் தயாரா இருக்கணும், கொழந்தைங்களும் கர்ப்பிணிகளும் கடைசியிலதான். பொடியும் ஒரே மாதிரி இருக்கணும், நிலவேம்பு குடிநீர்ல வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல்னு மொத்தம் ஒம்பது சரக்கு, கடைக்குக் கடை மணமே மாறுது, நிலவேம்புலயே பூக்கறதுக்கு முன்னாடி பறிச்சதுல இருக்கற சத்தும் முத்தினதுல இருக்கற சத்தும் ஒண்ணு இல்ல.

சொல்லிக் குடுத்தவங்க பேரும் வரணும். பிரெஞ்சு கயானாவுல ஊர் மக்கள் மலேரியாவுக்குக் குடிக்கற க்வாசியா செடியிலேந்து ஒரு சத்தைப் பிரிச்சு பிரான்ஸ் அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு 2015-ல பேட்டன்ட் வாங்குச்சு, வீட்டு வாசல்ல உக்காந்து பக்குவம் சொன்னவங்களுக்கு அதுல பங்கே இல்ல, பெரிய எதிர்ப்பு வந்தப்புறம்தான் பங்கு தர்றோம்னு பேசினாங்க. நம்ம இருளர், காணி வைத்தியர்கள் கிட்ட போறவங்க போகும்போதே அத எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும்.

உங்க கிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். மூலிகைப் பக்கத்த நிறுத்தச் சொல்லல, நானும் அத விரும்பிப் படிக்கறவதான். மலேரியா, டெங்கு, மஞ்சள்காமாலை மாதிரி ஆளக் கொல்ற நோய்க்கு ஒரு செடியப் பத்திப் போடறப்ப, மனுஷங்க கிட்ட சோதிச்சாங்களா, எத்தன பேரு, எதோட ஒப்பிட்டாங்க, எத்தன நாள் பாத்தாங்கன்னு எழுதறவர கேளுங்க, பதில் இல்லன்னா இன்னும் சோதிக்கலன்னு ஒரு வரி போடுங்க. கூடவே நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா அன்னைக்கே ரத்தம் குடுத்து ஸ்லைடு பாருங்கன்னு பெரிய எழுத்துல போடுங்க, ஹெல்த் போஸ்ட்டுல காசு கெடையாது, மாத்திரையும் இலவசம்தான்.

இஸ்திரிக்கார அண்ணன் பையன் ரெண்டாவது தடவ 14 நாளும் மாத்திரை முழுங்கினான், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவங்க அம்மா என் வாசல்ல நிப்பாட்டி என் முன்னாடியே முழுங்க வெப்பாங்க. இப்ப ஒண்ணரை வருஷம் ஆச்சு, திரும்ப வரல. அந்த அம்மா இன்னும் நிலவேம்பு காய்ச்சறாங்க, சாதா சளி காய்ச்சலுக்கு எனக்கும் ஒரு டம்ளர் வரும், குடிப்பேன். போன மாசம் கேட்டாங்க, "இத நெசமாவே யாராவது சோதிச்சுப் பாத்தா எங்கிட்ட வந்து சொல்லுவியா?" சொல்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன். எந்த நிறுவனமாவது இந்த சோதனைய எடுத்துச் செஞ்சா ஸ்லைடு எண்ணறதுக்கு நான் சும்மாவே வர்றேன், கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு ரெண்டும் தெளிவா இருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், உங்கள் நெடுநாள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை

பி.கு: கடிதம் நீளம்னு வெட்டுவீங்க, தெரியும். எத வெட்டினாலும் பிரம்மதண்டு விதை விஷம்ங்கற வரிய மட்டும் வெட்டிடாதீங்க.